எங்கள் கணினிக்கு இரண்டு மார்ச்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், உங்க காலத்துல திருநெல்வேலியில ஹேக்கர் தொல்லையெல்லாம் இருந்துச்சா?" இருந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒருவன் இருந்தான். அவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, சர்வர் அறையின் சாவியையும் கையில் கொடுத்து வைத்திருந்தார்கள். அது நான்தான்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் செய்த காரியத்தால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. ஓய்வு பெற்ற அன்று எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்கள் யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் சின்னத் துண்டாகப் போர்த்தியிருப்பார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. பாளையங்கோட்டையில் ஒரு கல்வி அறக்கட்டளையின் தலைமை அலுவலகத்தில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். மேற்கே கல்லிடைக்குறிச்சி முதல் கிழக்கே ஆழ்வார்திருநகரி வரை ஆற்றை ஒட்டி அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு பள்ளிகள். அரசு உதவி பெறும் பள்ளிகள் என்பதால் ஆசிரியர்களின் பணி விவரத்தைத் துல்லியமாக வைத்திருந்து கல்வித்துறைக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் யார் எந்தப் பள்ளிக்கு மாறலாம் என்று பணிமூப்பு வரிசைப்படி ஒரு பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் சண்டை வராமல் இருக்கத்தான் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கம்ப்யூட்டரோடு என்னையும் வாங்கினார்கள்.

இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அலுவலகக் கண்காணிப்பாளர். ஊரே அவரைச் சூப்பிரண்டு அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். ஆசிரியர் விவரத்தில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டும் என்றாலும் அவர் பெயரில் நுழைந்துதான் திருத்த முடியும். இன்னொருவர் ஸ்டெல்லாக்கா. தட்டச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடற்கரை ஊர்க்காரர், பிள்ளைகள் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்தார். கணவருக்குத் தூத்துக்குடித் தோணியில் வேலை. ஆனி, ஆடிக் காற்றில் தோணி கடலுக்குப் போகாது. அந்த மாதங்களில் இரண்டு பெண் பிள்ளைகளோடு அந்தக் குடும்பம் ஓடுவது ஸ்டெல்லாக்காவின் சம்பளத்தில்தான்.

முதலில் பாஸ்வேர்டு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேயே என் புத்திசாலித்தனம் ஆரம்பித்துவிட்டது. வந்த புதிதில் எல்லாரும் தினம் ஒரு தடவை பாஸ்வேர்டை மறந்துவிட்டு என்னிடம் வந்து நின்றார்கள். எனக்கு அலுத்துப்போய், "சென்மத்துக்கும் மறக்காத பேரா ஒண்ணு வைங்க. உங்க சாஸ்தா பேரையே வைங்களேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் கும்பிட்டுவிட்டுத் தொடங்குகிற மாதிரி ஆயிற்று என்றார் அண்ணாச்சி.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு குடும்பமும் தன் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போயாக வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும் வந்துவிடுவார்கள். யாருக்கு எந்தச் சாஸ்தா என்பது சம்பந்தம் பேசும்போதே விசாரிக்கிற சங்கதி. அதில் ஒளிவுமறைவே கிடையாது. அண்ணாச்சியின் சாஸ்தா எது என்று எங்கள் அலுவலகத்துக்கு மட்டுமல்ல, எதிர்த்த டீக்கடைக்காரருக்கும் தெரியும். அதை நான் இப்போதும் இங்கே சொல்ல மாட்டேன். அவருடைய பேரன் வங்கியில் இருக்கிறான். அவனும் அதையே வைத்திருந்தாலும் வைத்திருப்பான். ஸ்டெல்லாக்காவுக்குச் சாஸ்தா இல்லை. அவர் தன் ஊர்க் கோயில் புனிதரின் பெயரை வைத்துக்கொண்டார். திருவிழாவுக்கு எங்கள் எல்லாரையும் வருடாவருடம் கூப்பிடுவார் என்பதால் அதுவும் ஊரறிந்ததுதான்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது என்று எனக்கு லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் சிடி ஒன்று கொடுத்தார். அதன் உள்ளே இருக்கிற நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம் என்றார். அலுவலகத்தில் சொன்னேன். அண்ணாச்சிக்கு அது பிடிபடவே இல்லை.

"ஏலே, பூட்டு எப்படிச் செஞ்சிருக்குன்னு ஊருக்கே காட்டுதான்னா அந்தப் பூட்டை எவன்லே மதிப்பான்?"

"அதான அண்ணாச்சி" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். காசு கொடுத்து வாங்கியதுதான் பத்திரம், இலவசமாக வருவதில் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்றுதான் அன்று எல்லாரும் நினைத்தோம். எங்கள் மென்பொருளின் நிரல் எங்கள் யார் கண்ணிலும் படாது. அது சென்னைக் கம்பெனியின் ரகசியம். ஆனால் சாவி டீக்கடை வரைக்கும் தெரியும். இதைத்தான் நாங்கள் பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சென்னைக் கம்பெனியின் மென்பொருளில் ஒரு ஏற்பாடு உண்டு. மார்ச் முப்பத்தொன்றோடு அது நின்றுவிடும். சந்தா கட்டினால் ஒரு நீள எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். அதைப் போட்டால்தான் அடுத்த வருடம் ஓடும். சந்தா கட்ட வேண்டும் என்றால் எங்கள் அலுவலக விதிப்படி மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். அரசு உதவி வாங்குகிற நிறுவனம், தணிக்கையில் கேட்பார்கள். உலகத்தில் ஒரே ஒரு கம்பெனி மட்டும் தரக்கூடிய எண்ணுக்கு மூன்று கொட்டேஷன்! நான் இதைச் சொல்லி எழுதிய குறிப்பு, "விதிப்படி செயல்படவும்" என்ற பதிலோடு திரும்பி வந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே வந்தது.

ஏப்ரல் முதல் தேதி காலையில் திரையில் சந்தா முடிந்தது என்ற வரி மட்டும் நின்றது. பட்டியல் மே மாதம் கல்வித்துறைக்குப் போயாக வேண்டும். பள்ளிகளிலிருந்து திருத்தம் கேட்டுத் தலைமையாசிரியர்களின் கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துகொண்டிருந்தன. அறக்கட்டளையின் செயலாளர் இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். நான் சர்வர் அறைக்குள் போனேன். கணினியின் தேதியை மார்ச் ஒன்று என்று மாற்றினேன். மென்பொருள் ஒன்றும் சொல்லாமல் ஓடத் தொடங்கியது.

அரை நிமிட வேலை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. ஏப்ரல் முழுவதும் எங்கள் கணினிக்கு மார்ச்தான். அந்த மார்ச்சும் தீர்வதற்கு ஒரு நாள் மிச்சமிருக்கும்போது சந்தாவுக்கான கோப்பு எப்படியோ நகர்ந்து, புது எண் தபாலில் வந்து சேர்ந்தது. எண்ணைப் போட்டேன், தேதியைச் சரிசெய்தேன், மறந்துவிட்டேன். இப்படி ஒன்றை ஒருவன் மறப்பானா என்று நீங்கள் கேட்கலாம். மறப்பான். மாட்டிக்கொள்ளாத தப்பு சீக்கிரம் மறந்துபோகும்.

பட்டியல் நோட்டீஸ் போர்டில் ஏறியது ஜூன் தொடக்கத்தில். ஏறிய மறுநாளே புகார். கல்லிடைக்குறிச்சிப் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சர் ஆழ்வார்திருநகரிப் பள்ளிக்கு மாறுதல் கேட்டிருந்தார். போன வருடப் பட்டியலில் பதினான்காவதாக இருந்தவர் இந்த வருடம் இரண்டாவதாக வந்துவிட்டார். பணியில் சேர்ந்த தேதி ஆறு வருடம் முன்னால் போயிருந்தது. அந்த டீச்சருக்கு ஸ்டெல்லாக்காவின் ஊர்.

செயலாளர் என்னைக் கூப்பிட்டு, யார் திருத்தியது என்று பார்க்கச் சொன்னார். எங்கள் மென்பொருள் ஒவ்வொரு ஆசிரியர் விவரத்தின் அடியிலும் கடைசியாகத் திருத்தியவர் பெயரையும் தேதியையும் மட்டும் வைத்திருக்கும். அதை அச்செடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சியின் பெயர், தேதி மார்ச் இருபத்துநாலு.

அண்ணாச்சி தாளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னைக்குப் பங்குனி உத்திரம்லா! நான் குடும்பத்தோட சாஸ்தா கோயில்ல இருந்தேனே. பொங்கல் வச்சிட்டுத் திரும்பி வரச்சில இருட்டிட்டு."

உண்மை. நாங்கள் எல்லாருமே அன்று விடுப்பு. ஒவ்வொரு வருடமும் பங்குனி உத்திரத்தன்று அலுவலகத்தைத் திறந்து வைத்திருப்பது ஸ்டெல்லாக்காதான். அதற்குப் பதிலாக அவர் ஊர்த் திருவிழாவுக்கு அவருக்கு மூன்று நாள் விட்டுக்கொடுப்போம். காகிதத்தில் இல்லாத, யாரும் மீறாத ஏற்பாடு. அன்று அலுவலகத்தில் அவரும் வாட்ச்மேனும் மட்டும்தான். வாட்ச்மேனுக்குக் கம்ப்யூட்டரைத் தொடப் பயம்.

செயலாளர் ஸ்டெல்லாக்காவைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சூப்பிரண்டோட பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார். எல்லாருக்கும் தெரியும்."

அந்த நேர்மைதான் அவரைக் கவிழ்த்தது. விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது அவர் என்னைப் பார்த்து, "நான் அவரு பேருல உள்ள போகவே இல்ல சார்" என்றார். நான் அப்போது சொன்னதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுக்கா" என்றேன்.

விசாரணைக்குக் கருவூலத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அதிகாரியை வரவழைத்தார்கள். மை ஊற்றுகிற பேனா, காக்கிக் கவர், எதையும் இரண்டு தடவை படிக்கிற பழக்கம். அவர் முதலில் அந்த டீச்சரை விசாரித்தார். டீச்சர் அழுதுகொண்டே, தான் முன்பு வேலை பார்த்த ஆறு வருடம் பணிக்கணக்கில் விட்டுப்போனதாகவும், தலைமையாசிரியை மூலம் கடிதம் அனுப்பித் திருத்தக் கேட்டதாகவும் சொன்னார். கடிதத்தைத் தேடி எடுத்தோம். இருந்தது. தபால் பதிவேட்டில் வந்த தேதி ஏப்ரல் இருபத்துமூன்று.

அதனால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. மார்ச்சில் திருத்திவிட்டு, கணக்குக் காட்ட ஏப்ரலில் கடிதம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றுதானே யாருக்கும் தோன்றும்? அதிகாரி அண்ணாச்சியிடம் கேட்டார்: "இந்த லெட்டர் வந்தப்ப நீரு இதைத் திருத்தினதா ஞாபகம் இருக்கா?"

அண்ணாச்சி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த மாசம் முந்நூறு லெட்டர் வந்துச்சு சார். திருத்தின மாதிரியும் இருக்கு. ஆனா அதான் மார்ச்லேயே திருத்திட்டாங்கன்னு கம்ப்யூட்டரே சொல்லுதே. அப்ப நான் திருத்தல போல."

இதை ஞாபகத்தில் வையுங்கள் பிள்ளைகளே. முப்பது வருடம் பேரேடு பார்த்த மனிதர், தன் கையால் செய்த வேலையைத் தானே இல்லை என்றார். திரை சொல்கிறது என்பதற்காக. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

எல்லாம் முடிகிற மாதிரி இருந்தது. பதினோராவது நாள் பிற்பகல் அந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நான் கொடுத்த அச்சுத் தாளை விரலால் தட்டினார்.

"இந்தப் பெட்டி சொல்லுத தேதிக்கு யாருவே பொறுப்பு?"

எனக்குப் புரியவில்லை. "அது தானா ஓடுற கடிகாரம் சார்."

"கடிகாரம் ஓடும்வே. சரியாத்தான் ஓடிச்சுன்னு யாராவது சொல்லணும்லா? கருவூலத்துல ஒரு பேரேட்டைச் சாட்சியா எடுக்கணும்னா, இதுல உள்ள தேதி சரின்னு பொறுப்புல உள்ளவன் கையெழுத்துப் போடணும். அப்பத்தான் அது சாட்சி. இல்லேன்னா வெறும் தாளு. ரூல்ல கம்ப்யூட்டருக்குன்னு ஒண்ணும் கிடையாது. அதனால பேரேட்டுக்கு உள்ளதையே போடுதேன். 'மேற்படி நாளில் கணினியின் தேதி சரியாக இருந்தது எனச் சான்றளிக்கிறேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரும்."

இந்த ரூல் பிடித்த மனுசனோடு பெரும் பாடு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தாளை எடுத்தேன். 'கணினியின் தேதி' வரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. ஏப்ரல் மாதம் முழுவதும் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

"நாளைக்குத் தாரேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நேரே எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சென்னைக் கம்பெனியைக் கூப்பிட்டேன். மென்பொருளின் உள்ளே வேறு எங்காவது ஏப்ரல் திருத்தங்களின் உண்மையான வரிசை பதிவாகியிருக்குமா, எந்தத் திருத்தத்துக்குப் பிறகு எந்தத் திருத்தம் என்று கண்டுபிடிக்க வழியுண்டா என்று கேட்டேன். ஒரு வழி இருந்தால் நான் வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடுமே என்று ஒரு நப்பாசை.

"அதெல்லாம் வெளியில சொல்ல முடியாது சார், கம்பெனி ரகசியம்" என்றார் அந்தப் பக்கத்துப் பொறியாளர். பிறகு என் கோப்பைப் புரட்டிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "ஆமா, ஏப்ரல்ல உங்களுக்கு ரினிவலே இல்லியே. எப்படி சார் ஓட்டுனீங்க?"

போனை வைத்துவிட்டேன். சொன்னால் அந்தக் கம்பெனி அறக்கட்டளை மேல் வழக்குப் போடலாம். ஆவணியில் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள், அதுவும் போகும். கல்யாணமாகி எட்டு மாதம்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அந்தச் சான்றிதழை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'என் அறிவுக்கு எட்டியவரை' என்று ஒன்று. 'கணினியின் இயல்பான செயல்பாட்டுக்கு உட்பட்டு' என்று ஒன்று. மூன்றாவது எனக்கே நினைவில்லை, அவ்வளவு சுற்றி வளைத்திருந்தேன். பொய்யும் இருக்கக் கூடாது, உண்மையும் வெளியே தெரியக் கூடாது. காபி கொண்டுவந்த என் மனைவி மூன்றையும் எடுத்துப் படித்தாள்.

"இதுல யாரு என்ன சொல்லுதாங்கன்னே தெரியலியே?"

"அதுக்குத்தான் எழுதுதேன்" என்றேன்.

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. மூன்று தாள்களையும் கிழித்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காபி டம்ளரை எடுத்து வைத்தாள். பிறகு, "காலையில வெள்ளச் சட்டைய தேச்சு வைக்கவா?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து இன்றுவரை நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு குறிப்பு எழுதும்போது, அது யாருக்கும் புரியக் கூடாது என்று என் மனதின் ஒரு மூலை விரும்புகிறது என்று தெரிந்தால் எழுதுவதை நிறுத்திவிடுவேன். நீங்களும் நிறுத்துங்கள்.

மறுநாள் காலை பதினொரு மணி. அறையில் அதிகாரி, செயலாளர், அண்ணாச்சி. முடிவைக் கேட்க ஸ்டெல்லாக்காவையும் வரச் சொல்லியிருந்தார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்தார்.

"எழுதிட்டு வந்தீரா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார். அப்படி எழுத முடியாது. அந்தத் தேதியை நம்ப முடியாது."

"பெட்டி கெட்டுப்போச்சோ?"

"பெட்டி நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் மாத்தினேன்."

சொன்னேன். சந்தா, கொட்டேஷன், ஏப்ரல் முதல் தேதி, எல்லாம். செயலாளரின் முகம் இறுகிக்கொண்டே போனது. அதிகாரி மட்டும் நிதானமாகக் கேட்டார்: "அப்ப இந்த மார்ச் இருபத்துநாலு?"

"மார்ச் இருபத்துநாலாவும் இருக்கலாம், ஏப்ரல் இருபத்துநாலாவும் இருக்கலாம் சார். இந்த வருசம் எங்க கம்ப்யூட்டருக்கு ரெண்டு மார்ச்."

அதிகாரி தபால் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்தக் கடிதத்தின் வரியில் விரலை வைத்தார். ஏப்ரல் இருபத்துமூன்று. அவர் நிமிர்வதற்குள் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"ஏலே! அப்ப அதைத் திருத்தினது நாந்தான்லே! மறுநாள் காலையில மொத வேலையா திருத்தினேன். டீச்சர் பாவம் எத்தனை வருசமா கேக்குதாங்கன்னு நினைச்சுக்கிட்டேதான் திருத்தினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குலே..." ஸ்டெல்லாக்காவின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். அண்ணாச்சியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆக, திருட்டே நடக்கவில்லை. ஒரு நியாயமான கடிதம் வந்தது, உரிமை உள்ளவர் திருத்தினார், பட்டியல் சரியாக வந்தது. நடந்த ஒரே தப்பு நான் சர்வர் அறையில் செய்த அரை நிமிட வேலைதான்.

"உம்ம பேருல தனியா ஒண்ணு எழுதணும்வே" என்றார் அதிகாரி, பேனாவைத் திறந்துகொண்டே.

"எழுதுங்க சார்."

எழுதினார். மெமோ வந்தது, நிரந்தரம் இரண்டு வருடம் தள்ளிப்போனது. செயலாளரே சென்னைக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி நடந்ததை ஒப்புக்கொண்டார். கடுமையாகப் பதில் வந்தது, வழக்கு வரவில்லை. பின்னால் நாங்கள் மெதுவாக லினக்ஸுக்கு மாறினோம். அண்ணாச்சி அதற்கும் ஒரு கண்டிஷன் போட்டார்: யாரும் சாஸ்தா பேரை வைக்கக் கூடாது.

திறந்த மூல மென்பொருளுக்கு மாறியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மேடையில் பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். பொறுப்பில் இருப்பவன் அதிலும் தேதியை மாற்றலாம். மாற்றினால் அதுவும் பொய்தான் சொல்லும். ஆனால் நேர்மையாக வேலை செய்ய நினைப்பவனைப் பொய் சொல்ல வைக்கிற சந்தாப் பூட்டு அதில் இல்லை. அது பெரிய விஷயம். அதேபோல விதிகள் எல்லாம் முட்டாள்தனம் என்று உங்கள் வயதில் நானும் பேசினேன். மூன்று கொட்டேஷன் கேட்ட விதி என்னை அந்த அறைக்குள் தள்ளியது. தேதிக்கு யார் பொறுப்பு என்று கேட்ட விதி என்னை வெளியே இழுத்தது. இரண்டையும் எழுதியவர்கள் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த விதி எதற்காக வந்தது என்று யோசிக்கப் பழகுங்கள். சும்மா எரிச்சல்படுவதில் பிரயோஜனம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை ஸ்டெல்லாக்கா வேலைக்கு வந்தார். தட்டச்சு இயந்திரத்தின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் மேசை அருகில் நின்றேன்.

"மன்னிச்சிருங்கக்கா. எனக்கு ஞாபகமே வரல."

"எனக்கு ஞாபகம் இருந்துச்சு சார்" என்றார், துணியை மடித்துக்கொண்டே. "ஏப்ரல் ஒண்ணாந் தேதியே பாத்தேன். நான் லெட்டர்ல ஏப்ரல்னு அடிக்கேன், பக்கத்து ஸ்கிரீன்ல மார்ச்னு இருக்கு. மாசம் பூரா அப்படித்தான் இருந்துச்சு."

"அப்பவே விசாரணையில சொல்லிருக்கலாமேக்கா?"

"நான் சொன்னா தப்பிக்கதுக்குச் சொல்லுதான்னுதான் நினைப்பாங்க. தேதி உங்க கையிலலா இருந்துச்சு. நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். பன்னெண்டு நாளும் வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டா எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஒரு புதுத் தாளை எடுத்து இயந்திரத்தில் மாட்டினார்.

அவர் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அந்தப் பன்னிரண்டு நாளும், காலையிலும் மாலையிலும், அந்த வாசல் வழியாகத்தான் நான் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன்.